முதலில் பெட்டையைப் பாருங்கோ

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒருவர் நல்ல ஜேர்மன் ஷெப்பர்ட் கடுவன் ஒன்று கொண்டுவந்துவிட்டார் என்றால் மாங்குளம், மல்லாவி, விசுவமடு வரைக்கும் கதை போய்விடும். பிறகென்ன, வீட்டில் நிற்கும் பெட்டை நாயை அதோடு சேர்க்க ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெட்டைக்கு வயது எத்தனை, காதுக்குள் உண்ணி எத்தனை, இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. குட்டிக்குக் கடுவன் கொடுப்பது பாதி இரத்தம். மற்றப் பாதியையும், வயிற்றில் 63 நாளையும், முதற்பாலையும், அந்தப் பாலோடு இறங்கும் கொக்கிப்புழுவையும், சத்தம் கேட்டால் பதறுவதா தலை தூக்கிப் பார்ப்பதா என்ற முதற்பாடத்தையும் கொடுப்பது பெட்டை. வேலைக்கென்றாலும் கண்காட்சிக்கென்றாலும் கணக்கைப் பெட்டையில்தான் தொடங்க வேண்டும்.

வேலைக்கா, கண்காட்சிக்கா

வன்னியில் நாய்க்கு உள்ள பெரிய வேலை காவல். காலபோக நெல் பால் பிடிக்கும் நேரம் இரவில் பன்றி இறங்கும். கச்சான், சோளம் போட்ட மேட்டுக்காணிக்கும் அதே தொல்லை. இந்த வேலைக்கு, எல்லையில் நின்று குரைத்து, கூப்பிட்டவுடன் திரும்பி வருகிற நாய் வேண்டும். பாய்ந்து போய்க் கடிக்கிற நாயைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். அந்தக் குணம் காட்டோரத்தில் ஆளுக்கே ஆபத்து. யானையைத் துரத்திக்கொண்டு போகும் நாய், யானை திரும்பியதும் நேரே தன் எசமானிடம் ஓடி வரும். பின்னால் யானையும் வரும். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியிலும் வெடியிலும் முதலில் அகப்படுவதும் தூரம் போய்த் துரத்துகிற நாய்தான். ஆகவே காவலுக்குக் குட்டி எடுக்கப் போகும் பெட்டையில் பார்க்க வேண்டியது: குரல், விழிப்பு, ஆளை விட்டு அகலாத தன்மை, ஆடு மாட்டின் கன்றைக் கண்டால் துரத்தாத அடக்கம்.

கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் சேர்ந்து வேலை செய்த மண் இது. அந்த வேலைக்கு ஜேர்மன் ஷெப்பர்டையும், பெல்ஜியத்து மேய்ப்பு நாயான மலினோயையும் எடுப்பதற்குக் காரணம் மூக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மணிக்கணக்கில் தேடியும் ஒன்றும் அகப்படாதபோது அலுக்காமல் தேடுவதும், மணம் பிடித்த இடத்தில் தோண்டாமல், தொடாமல் இருந்து காட்டுவதும் எல்லா நாய்க்கும் வராது. இந்தக் குணங்களில் ஒரு பங்கு பிறப்பிலேயே வருவது. மலினோய்க்கு நாளாந்தம் வேலை கொடுக்க வழியில்லாத வீட்டில் அந்த இனத்தில் குட்டி எடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கட்டி வைத்த மலினோய் தன் வாலையே கடித்துப் புண்ணாக்கும்.

கண்காட்சிக்கு எழுத்தில் ஒரு அளவுகோல் உண்டு. ஜேர்மன் ஷெப்பர்ட் என்றால் கடுவன் தோள்மேட்டில் 60 முதல் 65 சென்ரிமீற்றர், பெட்டை 55 முதல் 60. எடை கடுவனுக்கு 30 முதல் 40 கிலோ, பெட்டைக்கு 22 முதல் 32. பல் 42, மேல்வரிசை கீழ்வரிசையைக் கத்தரிக்கோல் போல் ஒட்டி மூட வேண்டும். கடுவனுக்கு இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். தாய் தகப்பன் இரண்டுக்கும் பதிவுத்தாள் இல்லாவிட்டால் குட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் இனப்பதிவு கேட்கும் வளையத்துக்குள் போகாது. காசு கொடுக்கும் முன் மூலத்தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோக்கொப்பி போதாது.

ஆனால் அழகும் வேலையும் இரண்டு வேறு நாயாகப் போவதுதான் இந்த இனத்துக்கு வந்த பெரிய கேடு. மாக்ஸ் ஃபொன் ஸ்ரெஃபானிற்ஸ் 1899இல் ஜேர்மனியில் இந்த இனத்துக்குச் சங்கம் அமைத்தது செம்மறி மேய்க்கும் நாய்க்காக. இன்றைக்கும் அந்தச் சங்கம் இனப்பெருக்கத்துக்குத் தேர்வு செய்யும் நாய் இடுப்பு எக்ஸ்ரேயும் காட்ட வேண்டும், சைக்கிளோடு 20 கிலோமீற்றர் ஓடியும் காட்ட வேண்டும். நமது வெயிலுக்கு 20 கிலோமீற்றர் கேட்கத் தேவையில்லை. விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் சைக்கிளோடு 5 கிலோமீற்றர் மெல்லோட்டமாகக் கூட்டிப் போங்கள். முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூச்சு அடங்க வேண்டும். மறுநாள் காலை எழும்பும்போது பின்கால் இழுபடக் கூடாது. முதுகு சரிந்து பின்கால் மடங்கி நிற்கும் பெட்டை மேடையில் பரிசு வாங்கியிருந்தாலும் இதில் தோற்றால் அதில் குட்டி எடுக்க வேண்டாம்.

எந்தப் பெட்டை வேண்டாம்

இரண்டு வயதுக்கு முன் வேண்டாம். பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுப் பழுது அதற்குள் முழுதாகத் தெரியாது. எக்ஸ்ரேக்கு நாயை மயக்கி, பின்கால் இரண்டையும் நீட்டிப் படம் எடுக்க வேண்டும். சும்மா படுக்கவைத்து எடுத்த படத்தில் கோணம் பிசகி நல்ல மூட்டும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும். மிருக வைத்திய பீடம் இந்த நாட்டில் பேராதனையில் ஒன்றுதான். ஏ9 பாதையால் ஒரு நாள் போய்வரும் செலவு, பிறகு நொண்டுகிற எட்டுக் குட்டிக்குப் பதில் சொல்வதைவிடக் குறைவு.

டோபர்மன் என்றால் இதயத்தையும், இரத்தம் உறையும் தன்மையையும் பார்க்க வேண்டும். புள்ளி கலந்த மேர்ல் நிறத்துக்கு மேர்ல் நிறத்தையே சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு பக்க மரபணுவும் வந்து காதும் கண்ணும் பழுதாகிப் பிறக்கலாம். தமிழகத்திலிருந்து வரும் வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். நிலம் அதிராமல், காற்றுப் படாமல் ஆட்ட வேண்டும். இல்லாவிட்டால் செவிட்டுக் குட்டியும் அதிர்வுக்கு எழும்பி உங்களை ஏமாற்றும்.

வன்னியில் வெளி இரத்தம் குறைவு. ஒரே கடுவனின் பிள்ளைகள்தான் சுற்றியுள்ள ஊரெல்லாம். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குட்டியின் உட்கலப்பு (நெருங்கிய இரத்தம் கலக்கும் அளவு) 25 வீதம், பாதிச் சகோதரம் என்றால் 12.5, ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் 6.25. இது மேலே கூடக் கூட ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறையும், பால் குடிக்கும் வயதில் சாவு கூடும். யாருடைய கடுவன் என்று கேட்பதோடு நிற்காமல் அதன் தாய் தகப்பன் யார் என்றும் கேளுங்கள்.

குணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பயந்த பெட்டையில் குட்டி எடுக்காதீர்கள். படலைக்கு ஆள் வந்தால் வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு குரைக்கிற நாயை வீரம் என்று சொல்லிக்கொள்கிறோம். அது பயம். பயம் குட்டிக்கு இரத்தத்தாலும் போகும், எட்டுக் கிழமை தாயைப் பார்த்துப் பழகுவதாலும் போகும்.

சேர்ப்பதற்கு முன்

உண்ணிக்காய்ச்சல் இங்கே வீட்டுக்கு வீடு. பபீசியா கிப்சோனை என்ற ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் இருந்து தின்னும். மருந்தால் அடங்கினாலும் சில நாய்களில் ஒளித்திருந்து, குட்டித்தாச்சியாகும் நேரத்தில் மேலே வரும். வயிற்றுக் குட்டிக்கும் கடத்தப்படும். ஆகவே சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன் இரத்தப் பரிசோதனை எடுங்கள். பல் முரசும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறியிருந்தால் அந்த முறை விட்டுவிடுங்கள். உண்ணியால் வரும் இன்னொரு நோயான எர்லிகியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து குட்டித்தாச்சிக்குக் கொடுக்க உகந்ததல்ல, குட்டியின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். வைத்தியத்தை முன்கூட்டியே முடிப்பதற்கு இதுவும் காரணம்.

உண்ணிக்குப் பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினியில் நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். வாயால் எச்சில் வடிந்து, கண்மணி சுருங்கி, உடம்பு நடுங்கிச் சாகும். மாட்டுக்குப் போடும் ஐவமெக்ரின் ஊசியும் அப்படித்தான். மாட்டின் அளவை நாய்க்குக் குத்துமதிப்பாகப் போட்டால் மூளையைப் பாதிக்கும், கொலி இனங்களில் சிறிய அளவே போதும். நாய்க்கென்று உள்ள மருந்தை, எடை பார்த்து, காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் கையால் தடவிப் பார்த்து முடித்த பின் போடுங்கள்.

தடுப்பூசி சேர்ப்பதற்கு முன் புதுப்பிக்கப்பட வேண்டும். குட்டி முதற்பாலில் வாங்குவது தாயின் உடலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைத்தான். குட்டித்தாச்சிக்கு உயிருள்ள தடுப்பூசி போடுவதில்லை. இரண்டு நாய்க்கும் புரூசெல்லா கேனிஸ் என்ற கிருமிக்கு இரத்தப் பரிசோதனை முடிந்தால் எடுங்கள், 45ஆம் நாளுக்குப் பின் குட்டி கலைவதற்கு அது ஒரு முக்கிய காரணம். கட்டாக்காலிகளோடு சேர்ந்த கடுவனின் உறுப்பில் பூக்கோவா போன்ற இரத்தம் கசியும் சதை இருந்தால் கிட்ட விடாதீர்கள், அது சேர்க்கையால் ஒட்டும் கட்டி. முன்பு கருத்தடை ஊசி போட்ட பெட்டையும் சந்தேகத்துக்குரியது. அந்த ஹோர்மோன் கருப்பைச் சுவரைத் தடிக்கவைத்துச் சீழ் கட்டும் நோய்க்கு வழிவிடும்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிறக்கும் குட்டிக்கு ஈரத்தரை, குளிர், நிலத்தில் உயிர் வாழும் புழுக்குஞ்சு எல்லாம் சேர்ந்து வரும். சித்திரையில் பிறந்தால் தகரக் கூரைக்குக் கீழே வெந்துபோகும். கார்த்திகைக் கடைசியில் சேர்த்தால் தை மாதக் கடைசியில் ஈன்று, மண் காய்ந்திருக்கும் பங்குனியில் பால் மறக்கும். பெட்டை நம் பஞ்சாங்கம் பார்த்துப் பருவத்துக்கு வராது, ஆறு எட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆனாலும் தவறான மாதத்தில் வந்த பருவத்தை விட்டுவிடுவதால் ஒரு நட்டமும் இல்லை.

நாள் கணக்கு எங்கே பிழைக்கிறது

இரத்தம் கண்ட 10ஆம், 12ஆம் நாள் கொண்டுபோவது ஊர் வழக்கம். பல பெட்டைகளுக்கு அது சரிவரும், சரிவராத பெட்டைகளுக்குக் கடுவனைக் குறை சொல்வார்கள். முட்டை வெளிவருவது ஒரு பெட்டைக்கு 8ஆம் நாளாகவும் இன்னொன்றுக்கு 20ஆம் நாளாகவும் இருக்கலாம். அதோடு நாயின் முட்டை வெளிவந்தவுடன் கருத்தரிக்காது, முதிர இரண்டு நாள் எடுக்கும். கடுவனின் விந்து உள்ளே ஐந்து ஆறு நாள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் பிசகிய கணக்கிலும் சிலவேளை குட்டி பிடித்துவிடுகிறது.

கண்ணால் பார்க்கும் அடையாளம்: கடும் சிவப்பு இரத்தம் வைக்கோல் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு மாறும், வீங்கி இறுகியிருந்த இடம் இளகும், வாலடியில் கைவைத்தால் வாலைப் பக்கத்துக்கு ஒதுக்கி நிற்கும். திட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் இரத்தத்தில் புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோனைப் பாருங்கள். அலகைக் கவனியுங்கள், மில்லிலீற்றருக்கு நனோகிராம் அளவில் 2 முதல் 3 வந்தால் இரண்டு நாளில் முட்டை வெளிவரும், 5 முதல் 8 என்றால் வெளிவரும் நேரம். அதிலிருந்து இரண்டாம் நாள் ஒருமுறை, நாலாம் நாள் ஒருமுறை சேர்த்தால் போதும். தினமும் சேர்த்துக் கடுவனைக் களைக்கவைப்பதில் பயனில்லை.

விடியற்காலையில், வெயில் ஏற முன், பெட்டையைக் கடுவனின் இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். தன் வளவில் நிற்கும் பெட்டை கடுவனை விரட்டும். இரண்டும் ஒட்டிப் பூட்டு விழுந்தால் 5 முதல் 30 நிமிடம், சிலவேளை இன்னும் கூட நிற்கும். இரண்டையும் பிடித்துக்கொண்டு அமைதியாக நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பிரிப்பது, இழுப்பது இரண்டும் உறுப்பைக் கிழிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் பெட்டையை ஒரு கிழமைக்கு மேல் அறைக்குள்ளேயே வையுங்கள். அடுத்த நாள் வேலிக்குள்ளால் வந்த ஊர்க்கடுவனும் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பனின் குட்டியும் பிறக்கும்.

வயிற்றில் இருக்கும்போது

25ஆம் நாளுக்குப் பின் ஸ்கான் செய்தால் குட்டி இருக்கிறதா என்று தெரியும். எத்தனை என்று எண்ணுவதற்கு 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேதான் நம்பகம். இந்த எண்ணிக்கை இல்லாமல் ஈற்று இரவில் 'முடிந்ததா, இன்னும் ஒன்று உள்ளே நிற்கிறதா' என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் ஐந்து கிழமை சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். ஆறாம் கிழமையிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டி, கடைசியில் வழமையைவிடக் கால்வாசி முதல் அரைவாசி கூடுதலாகக் கொடுங்கள். வயிற்றில் இடமிருக்காது, மூன்று நாலு தரமாகப் பிரியுங்கள். வெறும் சோறும் குழம்பும் காணாது. சூடை, கீரி மீனை முள் நசியும்வரை அவித்து, முட்டை, கோழி ஈரல், பருப்பு சேர்த்துக் கொடுக்கலாம். ஈரல் கிழமைக்கு இரண்டு தரத்துக்கு மேல் வேண்டாம்.

கல்சியம் குளிசை கொடுப்பதுதான் அன்போடு செய்யப்படும் பெரிய பிழை. வெளியிலிருந்து கல்சியம் வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து கல்சியம் எடுத்துக்கொடுக்கும் சுரப்பி சோம்பிவிடும். ஈன்ற பின் பால் இறங்கும் வேகத்துக்கு அது எழும்பாது. இரண்டாம் மூன்றாம் கிழமையில் பெட்டை மூச்சிளைத்து, முகம் துடித்து, கால் விறைத்து விழும். அது அவசர நிலை. குட்டியை உடனே பிரித்து, நாளத்தில் மெதுவாகக் கல்சியம் ஏற்ற மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும்.

புழுவுக்கு, 40ஆம் நாளிலிருந்து ஈன்று 14 நாள்வரை தினமும் ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 50 மில்லிகிராம், மிருக வைத்தியரைக் கேட்டுக் கொடுங்கள். பெட்டையின் தசைக்குள் உறங்கும் உருண்டைப்புழுக் குஞ்சு இந்த நாட்களில்தான் எழும்பி நச்சுக்கொடி வழியாக வயிற்றுக் குட்டிக்குப் போகும். கொக்கிப்புழு பாலோடு போகும். 'பிறந்த குட்டிக்கு எப்படிப் புழு வந்தது?' என்ற கேள்விக்கு விடை அது.

பெட்டி

ஷெப்பர்ட் அளவு பெட்டைக்கு 4 அடிக்கு 4 அடி பலகைப்பெட்டி, சுவர் ஒன்றரை அடி. உள்ளே நாலு பக்கமும் தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில், சுவரை விட்டு 4 அங்குலம் தள்ளி, ஒரு கம்பு அடியுங்கள். தாய் சுவரோடு சாயும்போது குட்டி அந்த இடுக்குக்குள் தப்பும். இது இல்லாமல் நசிந்து போகும் குட்டிகள் ஏராளம். பெட்டிக்கு நாலு கால் வைத்து ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய பேணிக்குள் நிறுத்துங்கள். ஈற்று வாடைக்குச் செவ்வெறும்பு சாரையாக வரும். கண் திறக்காத குட்டியைக் கண்ணிலும் தொப்புளிலும் கடித்துக் கொன்றுவிடும். எறும்புப் பொடி தூவினால் குட்டி அதை நக்கும். சாக்கு விரிக்க வேண்டாம், நூலில் நகம் சிக்கும். பழைய பருத்தி வேட்டி, சாரம், மேலே மாற்றக்கூடியதாக இரண்டு மூன்று மடிப்புப் போதும். ஈற்றுக்குப் பத்து நாள் முன்பே பெட்டையை அதில் படுக்கப் பழக்குங்கள். பழக்காவிட்டால் அது கிணற்றடிப் பற்றைக்குள் போய்த் தானே கிடங்கு தோண்டும். பாம்பும் உடும்பும் நரியும் திரியும் இடம் அது.

ஈற்று

57ஆம் நாளிலிருந்து காலை மாலை ஆசனவாயில் வெப்பமானி வைத்து எழுதுங்கள். வழமையாக 38 பாகைக்கு மேல் நிற்பது 37.2க்குக் கீழே இறங்கினால் அடுத்த 24 மணிநேரத்துக்குள் ஈற்று. இளைப்பு, நடுக்கம், துணி கிழித்தல், சாப்பாடு மறுத்தல், இது 6 முதல் 12 மணிநேரம். இந்த நேரம் சுற்றி ஊர்ச்சனம் நின்று பார்க்கக் கூடாது. பயந்தால் பெட்டை நோவை நிறுத்திவைக்கும்.

எப்போது வைத்தியரைக் கூப்பிடுவது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பலமாக முக்கத் தொடங்கி அரைமணிக்குள் ஒன்றும் வரவில்லை. உள்ளே இன்னும் உண்டென்று தெரிந்தும் இரண்டு மணிநேரம் கடந்துவிட்டது. முதற்குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது (நச்சுக்கொடி கழன்றுவிட்டது என்று பொருள்). வெப்பம் இறங்கி 24 மணிநேரமாகியும் நோவில்லை. இவற்றில் ஒன்று நடந்தாலும் காத்திருக்கக் கூடாது. நோவைக் கூட்டும் ஒட்சிரோசின் ஊசியைத் தாங்களே வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். குட்டி குறுக்கே கிடக்கும்போது போட்டால் கருப்பை வெடிக்கும்.

குட்டி பைக்குள்ளேயே வந்து தாய் ஒரு நிமிடத்தில் கிழிக்காவிட்டால் நீங்கள் மூக்குப் பக்கத்தால் கிழியுங்கள். வாயையும் மூக்கையும் ரப்பர் உறிஞ்சியால் எடுத்து, தலை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, துவாயால் முதுகை உரமாகத் தேயுங்கள். காலைப் பிடித்துச் சுழற்றும் பழைய முறையால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி வெட்டி அயடினில் தோயுங்கள். நச்சுக்கொடியைக் குட்டிக்கு ஒன்றாக எண்ணுங்கள். ஒன்றிரண்டைத் தாய் தின்னலாம், எல்லாவற்றையும் தின்றால் வயிற்றால் போகும்.

முதல் 14 நாள்

குட்டி சாவது பெரும்பாலும் இந்தப் பதினான்கு நாளுக்குள். பார்க்க வேண்டியது மூன்று: சூடு, எடை, வயிறு.

பிறந்த குட்டியின் உடல் 35, 36 பாகைதான். அதற்கு நடுங்கத் தெரியாது. முதற்கிழமை பெட்டியின் ஒரு மூலை 29 முதல் 32 பாகை இருக்க வேண்டும். வன்னிப் பகலில் அது தானாகவே கிடைக்கும். மழை இரவில் கிடைக்காது. ஒரு மூலைக்கு மேலே மாத்திரம் பல்ப் தொங்கவிடுங்கள், மற்ற மூலை குளிராக இருக்கட்டும். கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டாலும் குட்டியே சொல்லும். ஒன்றின்மேல் ஒன்று குவிந்தால் குளிர், ஆளுக்கொரு மூலையாகச் சிதறி அனுங்கினால் வெக்கை, பக்கத்தில் பக்கத்தில் படுத்து இடைக்கிடை துடித்துக்கொண்டு தூங்கினால் சரி.

ஒரு குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல குட்டி அளவுக்கு மீறிப் பாரமாகத் தோன்றும், உள்ளங்கையை நெஞ்சால் தள்ளும், வாயில் வைத்த விரலை நாக்கு குழாய் போல் மடிந்து பிடித்து இழுக்கும். வாடும் குட்டி ஈரத்துணி போல் கைக்குள் தொங்கும், வயிற்றுத் தோல் கருஞ்சிவப்பாகும், இழுத்த தோல் திரும்பிப் படியாது, வாயின் உட்புறம் குளிர்ந்திருக்கும். அந்தக் குட்டிக்கு உடனே பால் பருக்குவதுதான் எல்லோரும் செய்வது. குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது, பால் உள்ளே கிடந்து புளிக்கும். முதலில் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் மெதுவாகச் சூடேற்றுங்கள். வாய் சூடாகி, உறிஞ்சத் தொடங்கிய பிறகே பால்.

சமையலுக்கு வைத்திருக்கும் டிஜிற்றல் தராசு ஒன்று வாங்குங்கள். கழுத்தில் வேறு வேறு நிற நூல் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் கிராமில் நிறுத்து எழுதுங்கள். நூல் இறுகாதபடி நாலு நாளைக்கொருமுறை மாற்ற வேண்டும். முதல் நாள் கொஞ்சம் குறையலாம், பத்தில் ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது. பிறகு தினமும் 5 முதல் 10 வீதம் ஏற வேண்டும். 400 கிராமில் பிறந்த குட்டி பத்தாம் நாள் அளவில் 800ஐத் தொட வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பின்முலைக்கு விடுங்கள், பால் அங்கேதான் அதிகம். இரண்டு நாள் ஏறாவிட்டால் மேற்பால் தேவை.

நாய்ப்பாலில் பசுப்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் இரண்டு மடங்குக்குக் கிட்ட, சீனிச்சத்து குறைவு. அதனால் வெறும் பசுப்பால் வயிற்றால் போகவைக்கும். குட்டிக்கென்ற பால்மா கிடைக்கும்வரை ஓரிரு நாள் தாங்க: 250 மில்லிலீற்றர் கொழுப்பு நீக்காத பால், 3 முட்டை மஞ்சட்கரு, 1 மேசைக்கரண்டி சோள எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அடித்து வடித்து, இளஞ்சூடாக. 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர், இரண்டரை மூன்று மணிக்கொருமுறை பிரித்து. குட்டி வயிற்றில் படுத்து, தலை நிமிர்ந்தபடி குடிக்க வேண்டும். கைப்பிள்ளை மாதிரி மல்லாத்திப் பருக்கினால் பால் சுவாசப்பைக்குள் போகும். குடித்தபின் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவுங்கள், மூன்று கிழமை வரைக்கும் குட்டி தானாகச் சிறுநீர், மலம் கழிக்காது.

தாயின் முலையையும் தினமும் தடவிப் பாருங்கள். ஒன்று கல்லுப்போல் சூடாக, பால் மஞ்சளாக வந்தால் முலை அழற்சி. குட்டியின் நகம் கீறுவதும் அதற்கொரு வாசல், கிழமைக்கொருமுறை நுனியை வெட்டுங்கள்.

மூன்றாம் கிழமையிலிருந்து

கண் 10 முதல் 14 நாளில் திறக்கும், காது அதற்குச் சில நாள் பிந்தி. புழுமருந்து 2, 4, 6, 8ஆம் கிழமைகளில், பைரன்ரெல், ஒவ்வொரு முறையும் எடை பார்த்து. தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க மறக்க வேண்டாம்.

அமெரிக்காவில் பார் ஹாபரில் ஸ்கொட், ஃபுலர் இருவரும் நடத்திய ஆய்வு காட்டியது: 3 முதல் 12 கிழமைக்குள் குட்டி எதைக் காண்கிறதோ அதற்குப் பயப்படாது. வன்னிக் குட்டிக்கு அந்தப் பட்டியல் இப்படி இருக்கலாம்: லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரச் சத்தம், தகரத்தில் மழை, பட்டாசு (முதலில் தூரத்தில்), மாட்டுமணி, தலைக்கவசம் போட்ட ஆள், குடை விரிப்பது, ஊன்றுகோலோடு நடப்பவர், இருட்டு, ஈரமண், ஓடும் வாய்க்கால். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பதறிய குட்டியைத் தூக்கி இன்னும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். தானாக மூக்கை நீட்டும்வரை விடுங்கள். தாய் அமைதியாகப் பக்கத்தில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

மூன்றரைக் கிழமையில் தட்டில் கூழாகச் சாப்பாடு தொடங்கலாம், ஏழாம் கிழமையில் பால் மறக்கும். எட்டுக் கிழமைக்கு முன் விற்பது அநியாயம். கடித்தால் நோகும் என்பதைக் குட்டி படிப்பது உடன்பிறப்பிடமும் தாயிடமும், ஆறாம் ஏழாம் கிழமையில். 35 நாளில் போன குட்டிதான் பிறகு பிள்ளைகளின் கையைக் கிழிக்கிறது.

குட்டியைக் கொல்லும் பார்வோ, டிஸ்ரெம்பர் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கொருமுறை, கடைசி ஊசி 16 கிழமைக்குப் பிந்தி வரும்படி. தாயிடம் வாங்கிய எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை அழித்துவிடலாம், அதனால்தான் ஒன்று போட்டு நிறுத்திய குட்டி நாலாம் மாதத்தில் இரத்தமாகக் கழித்துச் சாகிறது. வயலில் எலி இருப்பதால் எலிக்காய்ச்சலுக்கும் போடுங்கள், 12 கிழமை ஆனதும் விசர்நாய்க்கடி ஊசி. பார்வோ வந்த வளவில் கிருமி மண்ணில் ஒரு வருடம் கிடக்கும். சீமெந்துத் தரையை ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவிக் காயவிடலாம், மண்ணுக்கு வழியில்லை. அங்கே அடுத்த ஈற்றை வைக்க வேண்டாம்.

எந்தக் குட்டியை யாருக்கு என்பதை 49ஆம் நாளிலிருந்து ஒரு கிழமை தொடர்ந்து பார்த்து முடிவெடுங்கள். ஒரு நாள் சோதனை அந்த நாளின் பசியையும் தூக்கத்தையும்தான் காட்டும். சட்டி மூடியொன்றைச் சற்றுத் தள்ளிச் சத்தம் கேட்கப் போடுங்கள். பதறாத குட்டியைத் தேடுவதைவிட, பதறிப் பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்து மூடியை மோந்து பார்க்கும் குட்டியைத் தேடுங்கள். துணியை இழுத்தால் வாய் நிறையப் பிடித்து விடாமல் நிற்பது தேடல் வேலைக்கு. காலடியில் சுற்றி, புதிய சத்தத்துக்கு முதலில் குரல் கொடுப்பது காவலுக்கு. கண்காட்சிக்கென்றால் மேசையில் நிறுத்தி முன்கால் நேர், முதுகுக்கோடு, பல் பொருத்தம், விதை இரண்டும் பாருங்கள்.

குட்டியைக் கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, புழுமருந்துத் திகதி, எடை எழுதிய தாள், ஒரு கிழமைக்குப் போதுமான பழகிய சாப்பாடு, தாய் படுத்த துணியில் ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள்.

கடைசிக் குட்டி போனபின் பெட்டையை மறந்துவிடுகிறார்கள். பால் வற்ற முதல் நாள் சாப்பாட்டை நிறுத்தித் தண்ணீர் மட்டும், அடுத்த நாள் கால்வாசி, பிறகு அரைவாசி, முக்கால்வாசி, ஐந்தாம் நாள் வழமை. முலையைக் கறக்க வேண்டாம், கறந்தால் இன்னும் சுரக்கும். அடுத்த பருவத்தில் அதற்கு ஓய்வு கொடுங்கள். அந்தப் பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் அடிக்கடி தண்ணீர் குடித்து, பின்னால் சீழ் வடிந்தாலோ, சீழ் இல்லாமலே வயிறு பருத்துச் சோர்ந்தாலோ அது கருப்பைச் சீழ். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.